தளம் போட்ட அன்று இரண்டு பந்தி

பர்மிட் வாங்கி சிமெண்ட் எடுத்த காலத்தைப் பார்த்தவர்கள் நம்மில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறோம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளையவர்களிடம் சொன்னால் கதை விடுகிறாள் என்பார்கள். காலம் தெரியாமல் எதையும் எழுதுவதில்லை என்பது என் பழக்கம். இந்த விஷயத்தில் ஆண்டும் மாதமும் உறுதி: 1978, ஆவணி, வளர்பிறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எந்த ஞாயிறு என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்றுவரை தொலைபேசியில் தகராறு நடக்கிறது. அதனால் தேதியை விட்டுவிடுகிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அக்கா பாலிடெக்னிக்கில் சிவில் மூன்றாம் வருடம் படித்தாள். பசுமலைக்கு அப்பால் இருந்தது அந்தக் காலேஜ். வகுப்பு நிறையப் பையன்கள், கடைசிக்கு முந்தின பெஞ்சில் மூன்று பெண்கள். பஸ்ஸில் அவள் கையில் இருக்கும் டி-ஸ்கொயர் என்ற நீள வரைகோலைப் பார்த்துக் கண்டக்டர், "இதுக்கும் ஒரு டிக்கெட் போடவா தாயி?" என்பார். வீட்டில் அது எனக்கு வாள். அதன் முனையில் நான் ஏற்படுத்திய வெட்டுத் தழும்புக்காக அக்கா என் தலையில் குட்டிய குட்டு இன்னும் நினைவிருக்கிறது. வாள்தான் எங்கே போனதென்று தெரியவில்லை.

மூன்றாம் வருடத்தில் அவர்களுக்குப் புதிதாக ஒரு பாடம் வந்தது: கட்டுமான மேலாண்மை. முதல் இரண்டு வருடம் கம்பி என்ன கனம், சுவர் என்ன அகலம் என்று படித்தவர்களுக்கு, இப்போது ஆளை எங்கே நிறுத்துவது, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று பாடம். அப்பா மில்லில் ஃபிட்டர். அவருக்கே இது விளங்கவில்லை. "ஆளை வேலை வாங்கறதுக்குக் கூடவா பொஸ்தகம் போட்டிருக்கான்?" என்று கேட்டார். அக்கா அந்தப் புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தாள்.

அவர்கள் வாத்தியார் முதல் வாரமே ஒரு வேலை கொடுத்தார். கட்டடம் நடக்கிற இடத்துக்குப் போய், வேலை எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வர வேண்டும். பையன்கள் சுலபமாகப் போய்விட்டார்கள். அக்காவை எந்த இடத்திலும் உள்ளே விடவில்லை. ஓரிடத்தில், "பொம்பளப் புள்ள கால் வச்சா சாரம் சரியும்" என்றார்களாம். சாரத்தில் ஏறி இறங்கிக் கல் சுமந்துகொண்டிருந்தவர்கள் பெண்கள் என்பது சொன்னவர் கண்ணில் படவில்லை போலும்.

அக்கா அழவில்லை. கட்டுகிற வீட்டுக்குள் விடாவிட்டால் கட்டி முடித்த வீட்டுக்குள் போகலாம் என்று கிளம்பினாள். பழங்காநத்தத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவில் சமீபத்தில் எழும்பிய வீடுகள் வரிசையாக இருந்தன. துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனாள். முந்தைய மழைக்காலத்தின் கறை எல்லா வீட்டு உள்கூரையிலும் இருந்தது. ஆனால் அது திட்டுத் திட்டாக இல்லை. ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு, காப்பிக் கறை நிறத்தில், ஒரே கோடு. எந்த வீட்டில் பார்த்தாலும் நடுவை ஒட்டியே ஓடியது.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு வீட்டில் சிமெண்ட் மட்டம். ஒரு வீட்டில் மூலைக்குத்து என்கிற மனை தோஷம். இன்னொரு அத்தை குரலைத் தாழ்த்தி, "எல்லாம் எங்க ஓர்ப்படியா போட்ட கண்ணு. பால் காச்சின அன்னிக்கு அண்ணாந்து பாத்தா பாரு ஒரு பார்வை, நேரா கோடு விழுந்துருச்சு" என்றாள். அக்கா சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். பிறகு எல்லா வீட்டிலும் கேட்ட ஒரே கேள்வியை அங்கேயும் கேட்டாள்:

"தளம் போட்ட அன்னிக்கு வேலை எப்பவாச்சும் நின்னுச்சா அத்தை?"

"வேலை எதுக்கு நிக்கிது? சாப்பாட்டுக்குத்தான் நின்னுச்சு. ரெண்டு கிடாய்ல்ல வெட்டினோம்! இந்தத் தெருவுலயே அப்படி ஒரு சோறு யாரும் போடல. தின்னுட்டு அம்புட்டுப் பேரும் வேப்ப மரத்தடியில சாஞ்சுட்டாய்ங்க."

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கூரைக்குக் கலவை கொட்டித் தளம் போடும் நாள் என்றால் நம் பக்கத்தில் அது பாதிக் கல்யாணம். வீட்டுக்காரர் கறிச்சோறு போட வேண்டும். கொத்தனார், கம்பி கட்டுபவர், கலவை போடுபவர், சட்டி சுமக்கும் பெண்கள், எல்லாரும் ஒன்றாக ஒரே பந்தியில் உட்கார வேண்டும். பந்தி பிரிந்தால் அவமரியாதை. காலையில் நல்ல நேரம் பார்த்துத் தொடங்கினால், உச்சி வெயிலில் தளம் பாதியில் இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் இலை விழும்.

ஒரே ஒரு வீட்டில் கோடு இல்லை. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருடைய வீடு. தெருவில் அவருக்குக் கஞ்சன் என்று பெயர். தளம் போட்ட அன்று ஆளுக்கொரு தயிர்சாதப் பொட்டலம் கொடுத்தாராம். அதைச் சாரத்தின் மேலேயே மாற்றி மாற்றித் தின்றுவிட்டு, அவரைத் திட்டிக்கொண்டே வேலையை முடித்திருக்கிறார்கள்.

அந்த வீட்டு வாசலில் நின்று அக்கா என் தோளைப் பிடித்த பிடி வலித்தது. "வெளங்குச்சாடி?" என்றாள். எனக்கு விளங்கவில்லை. போகும் வழியில் சொன்னாள்: பாதியில் நிறுத்திய கலவை வெயிலில் இறுகத் தொடங்கிவிடும். சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கண்ணயர்ந்து எழுந்து வந்து, அதன் ஓரத்தில் புதுக் கலவையைக் கொட்டினால் இரண்டும் ஒட்டாது. நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். மழைக்கு மட்டும் அது இரண்டு என்று தெரியும்.

"அப்ப கறி எம்புட்டுப் பெருசோ ஒழுகல் அம்புட்டுப் பெருசா?" என்று கேட்டேன். அக்கா நடுத்தெருவில் நின்று சிரித்தாள். தெருவில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதே ஆவணியில் எங்கள் வீட்டுக்கும் தளம் போட வேண்டியிருந்தது. மேற்கே, செக்கானூரணிப் பக்கத்து நிலத்தை விற்று அப்பா அதே தெருவில் வாங்கிய மனை. சுவர் எழும்பி, முட்டுக் கொடுத்துப் பலகை அடித்து, கம்பி கட்டி முடிந்திருந்தது. பர்மிட் சிமெண்ட் மூட்டைகள் ஓர் அறை நிறைய அடுக்கியிருந்தன. அது கெட்டால் மறுபடி கிடைக்காது.

கிடாய் கொண்டுவருவது தாய்மாமன் முறை. எங்கள் மாமா அம்மாவுக்கு அண்ணன். மாட்டு வியாபாரம். இன்று மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிறவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு மாட்டுச் சந்தையிலிருந்து வந்ததென்ற யோசனையே இருக்காது. மாமாவைப் பார்த்திருந்தால் இருந்திருக்கும். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற மனிதர். மகனுக்கு அக்காவைக் கட்ட வேண்டும் என்பது அவர் முடிவு. அவர் கணக்கில் அந்தப் படிப்பு ஏற்கனவே ஒரு வருடம் அதிகமாகிவிட்டது.

தளத்துக்கு முந்தின வாரம் மாமா வந்தார். மனையில் அப்பாவும் கொத்தனாரும் நின்றிருந்தார்கள். தெருவில் கோடு விழுந்த வீடுகள் பெரும்பாலும் இந்தக் கொத்தனார் கட்டியவை. அக்கா நேரே போய், "மாமா, ஒரே பந்தி வேணாம். பாதியில வேலை நின்னா தளம் ஒழுகும். பாதிப் பேர் சாப்பிடட்டும், பாதிப் பேர் வேலை பாக்கட்டும். பெறகு மாறிக்கட்டும்" என்றாள்.

மாமா அவளை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். "என்ன மாப்ள, நான் கொண்டார கிடாய்க்கு ஒம்மக வரிசை போடுறா?"

கொத்தனார் சிரித்தார். "இஞ்சினியரம்மா, ரெண்டாம் பந்தின்னா என்ன தெரியுமா? மொதப் பந்தியில கறி, ரெண்டாம் பந்தியில எலும்பு. எந்தப் பய உக்காருவான்? எங்கப்பன் காலத்துலருந்து தளம் போடுறோம். சோத்துக்கும் ஒழுகலுக்கும் சம்பந்தம் சொன்ன மொத ஆளு நீதான் ஆத்தா."

"ரெண்டு அண்டாவுல ஆக்குவோம். ரெண்டாவது அண்டாவை ரெண்டாம் பந்தி உக்காந்த பெறகுதான் தெறக்குறது. போதுமா?"

"கறி சரி. மருவாதி?"

அந்தக் கேள்விக்கு அவளுடைய புத்தகத்தில் பாடம் இருந்திருக்காது. அக்கா கம்பி கட்டியிருந்த தளத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மாமாவிடம், "கிடாய் கொண்டார நீங்க எந்தப் பந்தியில உக்காருறீங்களோ அதுதானே மாமா பெரிய பந்தி? நீங்களும் அப்பாவும் ரெண்டாவதுல உக்காருங்க" என்றாள்.

மாமா மீசையைத் தடவினார். அவருக்கு அது பிடித்துவிட்டது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளத்தான் பிடிக்கவில்லை. "சரித்தா, உக்காருறேன். ஆனா ஒரு பேச்சு. ஐப்பசி மழையில தளம் ஒழுகலேன்னா நீ படிச்சு முடி, நான் வாயத் தெறக்கல. ஒத்தச் சொட்டு விழுந்துச்சுன்னா காலேசை நிறுத்திட்டு அந்த மாசமே பரிசம். என்ன மாப்ள?"

அப்பா என்னவோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர், "சரி மச்சான்" என்றார். அவ்வளவுதான்.

அன்று அப்பாவைக் கோழை என்று நினைத்தேன். பல நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. இந்த வயதில் யோசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. மறுத்திருந்தால் அன்றே சண்டை, அம்மா அழுகை, அந்த வாரமே படிப்பு நின்றிருக்கும். 'சரி' என்ற ஒரு சொல்லால் ஐப்பசி வரைக்கும் அவளுக்கு பஸ் ஏற வழி செய்துவிட்டார். மகள் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்பியிருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே தெருவில் இரண்டு வாசனைகள் கலந்து கிடந்தன. ஒன்று, நனைந்த சிமெண்டின் சாம்பல் வாசனை. மற்றது, அம்மா வறுத்த மல்லியும் மிளகும். தகரத்தை விரித்து அதன்மேல் ஜல்லியும் மணலும் சிமெண்டும் கொட்டிக் கலந்தார்கள். இரும்புச் சட்டிகள் தரையிலிருந்து சாரத்துக்கு, சாரத்திலிருந்து தளத்துக்கு, கைமாறிக் கைமாறிப் போயின. காலிச் சட்டிகள் மேலிருந்து விழும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அந்தச் சட்டிகளை இப்போது எங்கும் காணோம். கலவை லாரியில் வருகிறது, குழாயில் ஏறுகிறது.

அக்கா தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு தளத்தின் மேல் நின்றாள். ஆட்களை முன்னாலேயே இரண்டாகப் பிரித்திருந்தாள். ஒவ்வொரு பாதியிலும் கலக்குகிறவர், சுமக்கிறவர், மட்டம் தட்டுகிறவர் எல்லாரும் இருக்கும்படி. கொத்தனார் முறைத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். தளத்தின் நடு நெருங்கியபோது முதல் பந்தி கீழே இறங்கியது. மேலே வேலை மெதுவாக, ஆனால் நிற்காமல் நடந்தது.

கிடாயோடு முன்னமே வந்துவிட்ட மாமாவைத் தேடி அப்போதுதான் அவருடைய கூட்டம் வந்தது. சந்தைச் சகாக்கள், பங்காளிகள் என ஒரு வேன் நிறைய. பந்தியில் பாதி இடம் காலியாக இருப்பதைப் பார்த்து ஒருவர், "என்னண்ணே, கிடாய் சின்னதா? பாதிப் பேரைப் பட்டினி போட்டுட்ட?" என்றார்.

மாமாவுக்கு முகம் சிவந்தது. மேலே பார்த்துக் கத்தினார். "டேய், சட்டியைப் போட்டுட்டு எறங்குங்கடா எல்லாரும்! எல்லாரும் ஒண்ணா உக்காருங்க. பந்தியும் வேணாம், பாடமும் வேணாம்!"

மேலே இருந்தவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். தட்டிக்கொண்டிருந்த கட்டையைக் கொத்தனார் கீழே வைத்தார். அம்மா கரண்டியுடன் அப்படியே நின்றாள். அப்பாவும் நின்றார். தளத்தின் நடுவில் கலவை ஓரம் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

அக்கா சாரத்தில் இறங்கி வந்து மாமாவுக்கு எதிரே நின்றாள். எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் கத்தாமல் பேசினாள்.

"மாமா, நிறுத்துறதுன்னா நிறுத்துங்க. ஆனா இது நான் நிறுத்தினது இல்ல, நீங்க நிறுத்தினது. நாளைக்கு ஒழுகுச்சுன்னா அது உங்க ஒழுகல். நம்ம பேச்சு அதுல சேராது. சந்தையில ஒரு மாட்டுக்கு வெல பேசி முடிச்ச பெறகு கயித்த அவுத்து விடுவீங்களா?"

வேனில் வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "வசமா மாட்டுனீகண்ணே!"

மாமா சிரிக்கவில்லை. அவர் வியாபாரத்தில் பேச்சு மாறியதில்லை என்பதுதான் அவருக்கு ஊரில் இருந்த பெருமை. தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி, "டேய், எவன்டா எறங்குனது? ஏறுங்கடா மேல!" என்றார்.

ஏறினார்கள். ஆனால் குழப்பத்தில் இரண்டு பேர் ஏற்கனவே பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். அவர்களை எழுப்ப முடியாது. சாரத்தில் அவர்கள் நின்ற இடம் காலியானது. சட்டி ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு எட்டவில்லை. அங்கே நின்ற பெண் ஒருத்தி இரண்டு பங்குக்கு எட்டி எட்டித் தூக்கினாள். உழுது வளர்ந்த மனிதரான மாமாவுக்கு, கண்ணெதிரில் ஆள் குறைந்து வேலை தடுமாறுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மாமா சட்டையைக் கழற்றி வேன் கண்ணாடியில் மாட்டினார். ஜரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறி அந்த இடைவெளியில் நின்றார்.

"சம்பந்தகாரரு சட்டி தூக்குறாரு பாருங்கடி!" என்றாள் அந்தப் பெண். "பைய வாங்கு சாமி, மீசையில சிமெண்ட்டு ஒட்டுனா ஒரேடியா நின்னுக்கும்!"

"நீ குடு தாயி. வாய வேலைக்கு அப்பறம் வச்சுக்க" என்றார் மாமா. அவர் கையில் சட்டி அழகாகத்தான் போய்வந்தது. சந்தைச் சகாக்கள் கீழே நின்று எண்ணாத சட்டி இல்லை, அடிக்காத கேலி இல்லை. முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்தி உட்காரும் நேரம் வந்தும் அவர் இறங்க மறுத்தார். அப்பா போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டாவது அண்டாவின் மூடியை எல்லார் எதிரிலும் அம்மா திறந்தாள். எழுந்த ஆவியைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு நின்றவர்கள்கூட மறுபடி உட்காரப் பார்த்தார்கள். வேலை நிற்காமல் நடந்து, பொழுது சாய்வதற்குள் தளம் முடிந்தது.

அதன்பின் தளத்தின் மேல் வயலில் போல மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். காலையில் காலேஜுக்குப் போகும் முன்பும், வந்த பின்பும் அக்கா ஏறிப் பார்ப்பாள். முட்டுகளைப் பிரித்து, மேல்பூச்சும் முடிந்து, ஐப்பசி பிறந்ததும் நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோனோம். மழை நெருங்க நெருங்க அக்கா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். பரீட்சைக்குக்கூட அவள் அப்படிப் பயந்ததில்லை. மழை வேண்டாம் என்று நான் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டேன். அதைக் கேட்டு அவள் கோபப்பட்டாள். "மழை வரணும்டி. வராட்டா எப்படித் தெரியும்?"

வந்தது. ஐப்பசியில் ஒரு பிற்பகல் தொடங்கி, மறுநாள் பிற்பகல் வரைக்கும் விடவில்லை. கிருதுமால் வாய்க்கால் தெருவுக்கு வந்துவிட்டது. நாங்கள் நான்கு பேரும் பாயில் மல்லாந்து படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கூரை. நடுவை ஒட்டிக் கோடு விழ வேண்டிய இடம் எது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அங்கே வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

மழை தூறலானதும் மாமா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தலை நிமிர்த்தியபடியே அறை அறையாக நடந்தார். முக்காலியில் ஏறிச் சுவரோரக் கூரையைக் கையால் தடவினார். பிறகு வாசலுக்குப் போய் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாருப்பா! நான் சட்டி தூக்கின தளம்! எங்கயாச்சும் ஒரு சொட்டு காமி பாப்போம்!"

எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டில் சொட்டும் இடத்தில் அண்டா வைத்துவிட்டு வந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். மாமா எல்லாருக்கும் தளத்தைக் காட்டினார். இரண்டு பந்தியின் நியாயத்தையும் தானே கண்டுபிடித்தது போல விளக்கினார். ஒழுக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டு வருவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சட்டியைத் தொட்ட அன்றே அவர் எங்கள் பக்கம் வந்துவிட்டார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்திருக்கும்.

கூட்டம் போன பிறகு, அம்மா கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டு மாமா அக்காவைப் பார்த்தார். "ஏத்தா, தையில எங்க வீட்டுக்கு மாடி எடுக்குறேன். நீதான் வந்து நின்னு தளம் போடணும்."

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அண்ணே, பரிசம்னு சொன்னியே... பையனுக்கு?"

"அவனுக்கு வேற எடத்துல பொண்ணு கெடைக்கும். தளத்துக்கு வேற ஆளு எங்க போயி தேடுறது?" என்றார் மாமா.

அக்கா படிப்பை முடித்தாள். அரசு வேலைக்குப் போனாள். பள்ளிக்கூடங்கள், பாலங்கள் என்று தெற்கு மாவட்டங்களில் அவள் நின்று கட்டியவற்றை நான் நேரம் கிடைத்த போதெல்லாம் போய்ப் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் வேறொரு சமயம் எழுதினால் பெருமையடிக்கிறாள் என்பீர்கள். பெருமைதான். ஆனால் என் பெருமைக்கு அடித்தளம் அந்த மழை தணிந்த மறுநாள் காலையில் இருக்கிறது.

அன்றுவரை அப்பா அக்காவோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனதில்லை. ஷிப்டு ஒரு காரணம். மகளைப் படிக்க அனுப்புகிறவன் என்று நாலு பேர் கேலி பேசுவார்கள் என்ற கூச்சம் இன்னொரு காரணம். அன்று காலை தூறிக்கொண்டிருந்தது. அப்பா மில் உடுப்பைப் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்த ஒரே குடையை விரித்து அக்காவின் தலைக்கு மேல் பிடித்தபடி நடந்தார். அவருடைய ஒரு தோள் முழுக்க நனைந்தது. நானும் பள்ளிக்கூடப் பையோடு பின்னால் போனேன்.

நிறுத்தத்தில் அப்பாவோடு மில்லில் வேலை பார்ப்பவர் ஒருவர் நின்றிருந்தார். அக்காவின் கையிலிருந்த வரைபலகையையும் சுருட்டிய தாள்களையும் பார்த்துவிட்டு, "யாருண்ணே இது? டீச்சரா?" என்று கேட்டார்.

அப்பா மெதுவாகப் பேசுகிற மனிதர். மில் தறிச் சத்தத்திலும் குரல் உயர்த்தாதவர். அன்று அந்த நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

"எம்மகப்பா. கட்டடம் கட்டப் படிக்குது. மூணாம் வருசம்."